மாற்றாரின் ஏடும் நம் பட்டியலில்!

தை பிறக்கப் போகிறது. சென்னை நந்தனத்தில் புத்தகக் காட்சி கூடும். 1977இல் தொடங்கிய அக்காட்சிக்கு ஊர் ஊராய்த் தோழர்கள் வருவர். பை நிறைய ஏடுகளோடு திரும்புவர். வாங்கியவற்றை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவர். 'வரும் ஆண்டில் படிக்கப் போகும் நூல்கள்' என்று பட்டியலும் வெளியிடுவர். நல்லது, மகிழ்கிறோம்! நகைக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைவிட நூற்கடை வாசலில் நிற்கும் கூட்டம் நாட்டுக்கு நன்மை தரும்.

ஆனால் அடுத்த தை பிறக்கும்போது அந்த ஏடுகளின் நிலை என்ன? மூலை மடங்காமல், முதுகு நெளியாமல், அடுக்கியபடியே நிற்கின்றன, கொலுப் பொம்மைகளைப் போல! கொலுப் பொம்மைக்காவது ஒன்பது நாள் சுண்டல் படைக்கிறார்கள். நம் ஏடுகளுக்கு நாம் படைப்பது தூசி. கொலுவைக் கேலி பேசிய நாமே கொலு வைக்கிறோம்!

இது முதற்குறை. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பட்டியலைப் படித்துப் பாருங்கள்: அத்தனையும் நம்மவர் எழுதியவை, நம்மவரைப் புகழ்பவை, நாம் முன்பே ஒப்புக்கொண்டவற்றை மீண்டும் ஒருமுறை ஒப்புக்கொள்ளச் செய்பவை. தலையாட்டுவதற்காகப் படிப்பவனுக்கும், பொருள் தெரியாமல் மந்திரத்துக்குத் தலை தாழ்த்துபவனுக்கும் என்ன வேறுபாடு? ஒருவன் கையில் தேங்காய். மற்றவன் கையில் புத்தகம். இருவர் நெஞ்சிலும் இருப்பது பக்திதான்!

கடுமையாகப் பேசுகிறோம் என்று வருந்த வேண்டா. பிறரைக் குத்தும் முன் நம்மையே குத்திக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவர் மன்றத்தில் பேசினோம். இராமாயணம் ஏன் ஏற்கத்தக்கதன்று என்று ஒரு மணி நேரம் முழங்கினோம். கைதட்டல் கூரையை எட்டியது. கூட்டம் கலையும் வேளையில் மாணவி ஒருத்தி அருகில் வந்தாள். "ஐயா, தாங்கள் சொன்னதை வீட்டில் அப்பாவிடம் சொல்லப் போகிறேன். அவர் நம்பமாட்டார். கம்பர் அதை எந்தக் காண்டத்தில், எந்தப் படலத்தில் பாடியிருக்கிறார் என்று சொன்னால் எடுத்துக் காட்டுவேன்" என்றாள். குறும்பில்லை, குதர்க்கமில்லை, நம் பக்கம் நிற்க வந்த பிள்ளை அவள்! அவளுக்கு நாம் தந்த விடை என்ன? மௌனம். காண்டமும் அறியோம், படலமும் அறியோம். கம்பனை நாம் படித்ததில்லை. கம்பனைப் பற்றிப் பேசிய பேச்சைத்தான் படித்திருந்தோம். அந்தப் பெண் கையில் ஆயுதம் கேட்டாள். நாம் உறையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றோம். அவள் வெறுங்கையோடு வீடு திரும்பினாள். அன்றிரவு அவ்வீட்டில் வென்றது யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

அன்று தொட்டு ஒரே எண்ணம்: வரும் ஆண்டின் பட்டியலை வேறு விதமாக வகுத்தாக வேண்டும். நம் ஏடுகளை மூலத்தோடு படிக்க வேண்டும். மாற்றாரின் ஏடுகளையும் மூலத்தோடு படிக்க வேண்டும். நம்மையே குற்றம் சாட்டும் ஏட்டையும் கூசாது படிக்க வேண்டும்.

"மாற்றான் ஏட்டைத் தொடலாமா? தொட்டால் மனம் மாறிவிடாதா?" என்று சில தோழர்கள் கேட்கின்றனர். அந்தோ! இது யார் குரல்? வேதத்தைச் சூத்திரன் கேட்டால் அவன் காதில் உருக்கிய ஈயத்தை ஊற்று என்று கௌதம தர்மசூத்திரம் விதித்ததே, அந்தக் குரலின் எதிரொலி அல்லவா இது? 'படிக்காதே' என்பது அவர்கள் சட்டம். புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட 'இராவண காவிய'த்துக்கு 1948இல் ஆட்சியாளர் தடை விதித்தனர்; தடை நீங்க 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. பெரியாரின் இராமாயண ஆராய்ச்சியை இந்தியில் 'சச்சி ராமாயண்' என்று லலாய் சிங் வெளியிட்டபோது, 1969இல் உத்தரப்பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1976இல்தான் அவர் பக்கம் முடிவாகத் தீர்ப்புக் கிடைத்தது. ஏட்டைக் கண்டு நடுங்குவது அவர்கள் மரபு. அந்த நடுக்கத்தை நாமா கடன் வாங்குவது?

நம் முன்னோடிகள் எப்படி நடந்தனர்? 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக்கல்லூரி மண்டபத்தில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணா சொற்போர் நடத்தினார். எதிரே நின்றவர்கள் கம்பனில் தோய்ந்த பெரும்புலவர்கள். கம்பனைப் படிக்காத ஒருவர் அவர்கள் முன் கால்நாழிகை நிற்க முடியுமா? கம்பராமாயணத்தைக் கொளுத்தலாம் என்று வாதிட்டவர் அதைக் கற்றபின்தான் வாதிட்டார். அந்தச் சொற்போர்கள்தான் 'தீ பரவட்டும்' என்னும் நூலாயின.

அண்ணல் அம்பேத்கர் என்ன செய்தார்? 1936இல் இலாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது; உரையின் கருத்துகளைக் கண்டு அஞ்சி மாநாட்டையே கைவிட்டது. ஒரு சொல்லையும் மாற்ற இசையாத அம்பேத்கர் உரையைத் தம் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். காந்தியார் தம் ஏட்டில் மறுப்பு எழுதினார். அடுத்த பதிப்பில் அம்பேத்கர் அந்த மறுப்பை மறைத்தாரா? இல்லை. மறுப்பையும் அச்சிட்டு, அதற்குத் தம் விடையையும் சேர்த்து வெளியிட்டார்! மாற்றார் பேச்சைத் தம் ஏட்டிலேயே இடம் கொடுத்து வெல்லும் துணிவு அது. வாதத்தில் வலிமை இருப்பவனுக்கே அந்தத் துணிவு வரும்.

இனி, பட்டியலுக்கு வருவோம். திங்களுக்கு ஒரு பொருள். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம், அதற்குமேல் கேட்கவில்லை. திங்களுக்கு 300 பக்கம். ஆண்டுக்கு 3650 பக்கம். பத்துப் பக்கத்துக்கு அரைமணி நேரம் போதும். கைப்பேசித் திரையைத் தேய்ப்பதில் நாம் நாள்தோறும் தேய்க்கும் நேரம் அதனினும் எத்தனை மடங்கு என்பதை அவரவர் நெஞ்சு அறியும்!

தைத் திங்களில் திருக்குறள். ஒரே உரையோடு அன்று, இரண்டு உரைகளோடு. அறம் என்பதற்கே மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதென்று பொருள் சொல்லித் தொடங்குகிறார் பரிமேலழகர். பிறப்பால் அனைவரும் ஒப்பர் என்ற வள்ளுவரின் வாசலில் மனுவைக் காவலுக்கு நிறுத்தியது யார் என்று கேட்க வேண்டுமானால், பரிமேலழகரைப் படித்தே ஆகவேண்டும். அருகில் புலவர் குழந்தையின் உரையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறளில் இரண்டு உலகங்கள் மோதுவதைக் காண்பீர்கள்.

மாசியில் பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' பக்கம் குறைவு, பாரம் மிகுதி. 1949 சனவரியில் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டிய அதே பெரியார், இந்நூலில் கற்பு பற்றி வள்ளுவரையே கேள்வி கேட்கிறார். போற்றியவரையும் விசாரிக்கலாம் என்னும் பாடம் அது. இந்நூலை மேற்கோள் காட்டும் ஆடவத் தோழர்கள், சொத்துரிமை பற்றிய பகுதியைப் படித்தபின் தம் தங்கையின் பங்கைப் பற்றி ஒரு சொல் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறோம்!

பங்குனியில் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு', காந்தியாரின் மறுப்போடும் அதற்கு அவர் அளித்த விடையோடும் சேர்த்து. அது வெளிவந்த சூட்டோடு தமிழில் பெயர்த்து 'குடி அரசு' பரப்பியது என்பதைப் பெருமையோடு சொல்கிறோம். பெருமை போதாது, பக்கங்களைப் புரட்ட வேண்டும்.

சித்திரையும் வைகாசியும் கம்பனுக்கு. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்; அனைத்தையும் இரு திங்களில் முடிக்க இயலாது. அயோத்தியா காண்டத்தையும் யுத்த காண்டத்தையும் எடுத்துக்கொள்வோம். அழகு இருக்கும் இடத்தில் அழகு என்று ஒப்புக்கொள்வோம். அதனால் கொள்கை குறைந்துவிடாது. நஞ்சு எங்கே கலந்திருக்கிறது என்பதைத் தேனைச் சுவைத்தறிந்தவனே சுட்டிக் காட்டுவான். உடன் 'இராவண காவிய'த்தையும் வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஆனியில் மனுநூல். பன்னிரண்டு அத்தியாயங்கள், தமிழிலும் பெயர்க்கப்பட்டிருக்கிறது. 1927 டிசம்பர் 25இல் மகாடில் அம்பேத்கரின் முன்னிலையில் அந்நூல் எரிக்கப்பட்டது. அவர் அதை வரிவரியாகக் கற்றறிந்தவர். நம்மில் பலரோ எரிக்கவும் ஆயத்தம். எடுத்துப் படிக்க மட்டும் ஆயத்தமில்லை! பெண்ணைப் பற்றி ஐந்தாம், ஒன்பதாம் அத்தியாயங்களில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைச் சொந்தக் கண்ணால் காண வேண்டும். இல்லாத சுலோகத்தை இருப்பதாகச் சொல்லி மேடையில் அகப்பட்டுக்கொண்டால், இருக்கும் சுலோகத்தின் கொடுமையும் அன்றோடு மறைந்துபோகும். பெரியார் சொல்லாத சொல்லைப் பெரியார் படத்தின்கீழ் எழுதி அனுப்புவோரையும் இங்கேயே எச்சரிக்கிறோம்: பொய்யால் மெய்க்கு முட்டுக் கொடுக்க முடியாது.

ஆடியில் சாவர்க்கர். 1923இல் 'ஒரு மராட்டியர்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட இந்துத்துவம் பற்றிய நூல் அளவில் சிறியது; விளைவில் பெரியது. தந்தையர் நாடு, புனித நாடு என்னும் இரண்டு அளவுகோல்களை அவர் எப்படிச் செய்தார், அவற்றால் யாரை வெளியே நிறுத்தினார் என்று அறியாமல், இன்றைய அரசியலை எதிர்க்கிறோம் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சிலம்பம் ஆடுவதாகும்.

ஆவணியில் டார்வின். 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் நம் கண்ணைத் திறக்கும் அதிகாரம் ஒன்று உண்டு. தம் கோட்பாட்டுக்கு எதிராக எழக்கூடிய இடர்ப்பாடுகளைத் தாமே திரட்டி, தாமே விடை தேடுகிறார் டார்வின்! மாற்றார் கேட்குமுன் தம்மையே கேட்டுக்கொள்வதுதான் அறிவியல். 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பாடத்தை நீக்கியது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று 1976இல் அரசமைப்பில் எழுதி வைத்த நாட்டில் நடந்த நீக்கம் இது! பாடநூலில் கிழித்ததைப் படிப்பகத்தில் ஒட்டவேண்டியது நம் பொறுப்பு.

புரட்டாசி, பெரியார் அண்ணா பிறந்தநாள் விழாக்களின் பருவம். மாலை வாங்கும் பணத்தில் பாதியை எடுத்துத் 'தீ பரவட்டும்' வாங்குங்கள். அதில் அண்ணாவின் உரையை மட்டும் படித்து மூடிவிடாமல், எதிர்நின்ற புலவர்கள் சொன்னதையும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

ஐப்பசியில் அயோத்திதாசர். பகுத்தறிவு 1925இல் 'குடி அரசு' தோன்றிய நாளில்தான் தமிழகத்தில் விடிந்தது என்று எண்ணும் தோழர்களுக்கு ஒரு செய்தி: 1907இலேயே 'ஒரு பைசாத் தமிழன்' என்ற ஏட்டை அவர் நடத்தத் தொடங்கிவிட்டார். அவர் எழுத்துகள் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுக்கத் தொகுதிகளாய் வந்தன. அத்தனை ஆண்டுகள் அவரை நாம் மறந்திருந்தது ஏன் என்னும் கேள்வியும் அத்தொகுதிகளோடு சேர்ந்தே வரும்.

கார்த்திகையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்து கண்டவர் எழுதிய நாவல். நம் மேடைகளில் அவர் பெயர் ஒலிக்கிறது. நம் அலமாரியில் அவர் நூல் இருக்கிறதா?

இறுதியாக மார்கழி. இதுவே கடினமான திங்கள். 1968 டிசம்பர் 25இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட ஒடுக்கப்பட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்கள், குழந்தைகள், முதியோர்! அப்போது முதலமைச்சராய் இருந்தவர் அண்ணா. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. மகாடில் மனுநூல் எரிந்த அதே நாளில், நாம் ஆண்ட மண்ணில் மனிதர்கள் எரிந்தார்கள். இதைப் பற்றி நம் விழா மலர்களில் எத்தனை பக்கம்? அந்நிகழ்ச்சியைத் தழுவி இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. நிலக்கிழாரின் கொடுமைக்கு அந்நாவல் தரும் காரணத்தை ஏற்காதவர் பலர். ஏற்க வேண்டுமென்று நாமும் சொல்லவில்லை. படித்து, மறுத்து, பிறகு நம் நெஞ்சையும் கேட்க வேண்டும் என்கிறோம். ஆட்சி வந்தபின்னும் சேரி எரிந்தது எப்படி? இந்தக் கேள்வியைப் பிறர் நம்மேல் வீசுமுன் நாமே எடுத்துப் படிப்பது நம் இயக்கத்துக்கு இழுக்காகாது. டார்வினுக்கு அது இழுக்காயிற்றா?

"களத்தில் வேலை கிடக்கிறது, ஏட்டில் என்ன இருக்கிறது?" என்பார் சிலர். தூக்கு மேடையை எதிர்நோக்கி இலாகூர்ச் சிறையில் இருந்த பகத்சிங்கைவிடக் களம் கண்டவரா அவர்கள்? சாவு நாள் குறிக்கப்பட்ட நிலையிலும் அவர் படித்தார். படித்ததைக் குறிப்பேட்டில் எழுதினார். அச்சிறையில் அவர் எழுதிய நாத்திகக் கட்டுரையைத்தான் ஜீவா தமிழாக்க, ஈரோட்டார் நூலாக்கினர். அதற்காக வழக்கையும் சந்தித்தனர். களமும் ஏடும் பகையல்ல. ஏடறியாத களம் வெறும் கைகலப்பு. களமறியாத ஏடு வெறும் காகிதம்.

"பணமில்லை" என்பார் வேறு சிலர். இது நேர்மையான தடை, ஏளனம் செய்யமாட்டோம். ஆனால் 1948இல் இந்நாட்டுக்கே முன்னோடியாய்ச் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் நம் மக்களிடம் வாங்கப்படுகிறது. வரியைக் கட்டிவிட்டு நூலக வாசலை மிதிக்காமலிருப்பது, சோற்றுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடப்பதாகும். கிளை நூலகத்துக்குச் செல்லுங்கள், கேட்கும் நூல் இல்லையேல் கோரிக்கை எழுதுங்கள், மீண்டும் எழுதுங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய நூல்கள் பலவற்றை விலையின்றித் தருகின்றன.

"தனியே படித்தால் தூக்கம் வருகிறது" என்பார் இன்னும் சிலர். தனியே ஏன் படிக்க வேண்டும்? முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்டு வளர்ந்த இயக்கம் இது! படிப்பகங்கள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசுகிறோம். உள்ளே அலமாரியைக் கரையான் அரிக்கிறது. ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடினால் போதும். ஒருவர் படிக்கட்டும், ஒருவர் மாற்றார் தரப்பில் நின்று வாதிடட்டும், ஒருவர் குறிப்பெடுக்கட்டும். குறிப்பில் மூன்று செய்திகள் தவறாமல் இருக்கட்டும்: நூல் சொன்னது என்ன, எந்தப் பக்கத்தில் சொன்னது, நாம் ஏற்பதா மறுப்பதா, ஏன்?

தோழர்களே! நம் பாட்டன்மாருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. நம் பாட்டிமாருக்கு அது கனவிலும் காட்டப்படவில்லை. அவர்கள் வாங்கித் தந்த உரிமையை அலமாரியில் பூட்டி வைப்பதா? நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவால் ஆராய்ந்து கொள் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரைப் பின்பற்றுகிறோம் என்கிறோமே! ஆராயாமல் பின்பற்றினால் அவரையே மீறியவர் ஆகமாட்டோமா?

அந்த மாணவி மீண்டும் வருவாள். அவளைப் போல் ஆயிரம் பேர் வருவர். "எந்தக் காண்டம், எந்தப் படலம்?" என்று கேட்பர். அடுத்த முறை மௌனம் விடையாகாது. ஏட்டைத் திறந்து, பக்கத்தைக் காட்டி, "இதோ, நீயே படித்துப் பார்" என்று அவள் கையில் கொடுப்போம்.

தை முதல் நாள் பொங்கல் பொங்கியதும், முதற்பத்துப் பக்கம்!